கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு க்ரூஸ் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் தெரிந்தவர்களிடமிருந்து இந்தப் போன் வர ஆரம்பித்துவிடும். "பிள்ளைகளுக்கு லீவு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், வெளியில் ஒரே குளிர். க்ரூஸ் போய் வரலாமா?" நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று முறை கப்பலில் போயிருக்கிறோம். முதல் தடவை நாங்கள் நால்வர் மட்டும், அப்புறம் என் அம்மா அப்பாவோடு, கடைசியாக மாமனார் மாமியாரோடு. ஒரு வருடம் முன்பணம் கட்டிவிட்டு ரத்தும் செய்தோம். அமெரிக்காவில் ஏறி, கரீபியன் பக்கம் சுற்றி, ஏறிய இடத்திலேயே இறங்கும் பயணங்களைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். எனக்குப் பழக்கம் அதுதான்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், போகலாமா வேண்டாமா?

மூன்று தலைமுறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஆசை என்றால் போகலாம். ஊர் பார்க்க வேண்டும் என்பது ஆசை என்றால் வேறு வழி பாருங்கள். கப்பல் ஒரு தீவில் நிற்பது ஏழெட்டு மணி நேரம். அதற்குள் ஊரைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே கூரையின் கீழ் தாத்தாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி, பேரனுக்குச் சறுக்கு மரம், சமைக்கிற வேலையிலிருந்து வீட்டுப் பெண்களுக்கு ஒரு வாரம் ஓய்வு, ராத்திரி எல்லோரும் ஒரே மேசையில் சாப்பாடு என்று அமைவது கப்பலில்தான். பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும். எழுபது வயதுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தினம் ஒரு ஹோட்டல் மாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் விசாவையும் மேசையில் எடுத்து வையுங்கள். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

எச்-1பி விசாவில் இருக்கிறோம். பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டது, இங்கே தங்க அனுமதி நீட்டித்த ஐ-797 தாள் இருக்கிறது. போகலாமா?

கரீபியன் க்ரூஸ் வேண்டாம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் ஏறி ஃப்ளோரிடாவில் இறங்கினாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான். இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் சுற்றக்கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் எல்லாப் பயணத்திலும் பஹாமாஸின் நசாவ், மெக்சிகோவின் கோசுமெல் மாதிரி ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் எட்டிப் பார்க்கிறது. வெளிநாட்டு மண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், நாட்டுக்குள் நுழைய உங்களுக்குச் செல்லுபடியாகும் விசா வேண்டும்.

"முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய ஸ்டாம்பே போதும் என்கிறார்களே?" என்று உடனே கேட்பீர்கள். அப்படி ஒரு விதி உண்மையில் இருக்கிறது. ஆனால் எச்-1பி காரர்களுக்கும் எச்-4 விசாவில் உள்ள அவர்கள் குடும்பத்தாருக்கும் அது கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும்தான். பஹாமாஸ், ஜமைக்கா போன்ற பக்கத்துத் தீவுகளுக்கும் அது செல்லுவது எஃப், ஜே விசாவில் உள்ள மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான். பல்கலைக்கழகத்தில் படித்தபோது போய் வந்த நண்பர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வதை நம்பி வேலை விசாக்காரர்கள் கிளம்புவது இப்படித்தான்.

ஸ்டாம்ப் காலாவதியான, எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பம் மெக்சிகோ போகும் கப்பல் என்று புக் செய்தது. அதே கப்பல் நடுவில், மெக்சிகோவைச் சேராத கிராண்ட் கேமன் தீவிலும் நிற்பதாக இருந்தது. துறைமுகக் கவுண்டரில் தாள்களைப் பார்த்த பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அரை மணி நேரம் கழித்து நான்கு பெட்டிகளோடு அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்று வயதுப் பையன் நீச்சல் வளையத்தை இடுப்பில் மாட்டியபடியே டாக்சியில் ஏறினான் என்று அவன் அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே நிறுத்தியதுகூட ஒரு விதத்தில் நல்லதுதான். திரும்பி வரும்போது எல்லையில் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

மெக்சிகோவில் மட்டும் நிற்கும் கப்பல்களும் உண்டு. விதிப்படி அதற்கு இடம் இருந்தாலும், அலை அதிகமானால் கேப்டன் துறைமுகத்தை மாற்றுவார் என்பதை யோசியுங்கள். என்னைக் கேட்டால், ஸ்டாம்ப் இல்லாத வருடம் காரை எடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவுக்கே போய் வாருங்கள். நாங்கள் ரத்து செய்தது அப்படி ஒரு வருடம்தான். முழுப் பணம் கட்டும் நாளுக்கு முன்பே விழித்துக்கொண்டதால் முன்பணம் திரும்பி வந்தது.

கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. அதற்கு ஏதாவது ஆகுமா?

ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, செல்லுபடியாகும் எச் அல்லது எல் விசாவும் இல்லாமல், அட்வான்ஸ் பரோல் என்ற பயண முன் அனுமதியும் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பத்து வருடம் காத்திருந்த விண்ணப்பம் ஐந்து நாள் கடல் காற்றுக்காகப் போகக்கூடாது. புக் செய்வதற்கு முன் உங்கள் வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள். பிறப்புச் சான்றிதழ் போதுமா?

ஏறிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணங்களுக்குப் பதினாறு வயதுக்குட்பட்ட குடிமக்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். இருந்தும் பாஸ்போர்ட் எடுங்கள். யாருக்காவது உடம்பு முடியாமல் கோசுமெலில் இறங்க வேண்டி வந்தால், அங்கிருந்து விமானத்தில் வீடு திரும்பப் பிறப்புச் சான்றிதழ் உதவாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் அட்டையோடு இந்திய பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள்.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா? திரும்பும்போது இன்னும் ஆறு மாதம் கிடைக்குமாமே?

பல முறை நுழையும் விசா செல்லுபடியில் இருந்தால் கூட்டிப் போகலாம். புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். முப்பது நாளுக்குட்பட்ட இந்த மாதிரிப் பயணங்களில் எதுவரை தங்கலாம் என்று குறிக்கும் ஐ-94 பதிவில் உள்ள பழைய தேதியே தொடர்வது வழக்கம். வீடு வந்ததும் இணையத்தில் ஐ-94 எடுத்துத் தேதியைச் சரிபாருங்கள்.

கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதையும் பார்க்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. மற்ற தீவுகளுக்கு விதி மாறும். பயணத் திட்டத்தில் உள்ள ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கப்பல் நிறுவனத்திடமும் அந்தந்தத் தூதரகப் பக்கத்திலும் பாருங்கள். ஒரு தீவுக்கான விசா இல்லை என்றாலும் ஏற விடாமல் நிறுத்தலாம். "நாங்கள் அங்கே இறங்க மாட்டோம்" என்று சொல்வது எடுபடாது.

டிசம்பர் கடைசியில் கடல் எப்படி இருக்கும்? குளிராதா?

புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. அந்தப் பயம் டிசம்பரில் இல்லை. ஆனால் வடக்கிலிருந்து குளிர் காற்று இறங்கி வரும். நசாவில் நல்ல நாளில் பகல் 25 டிகிரிக்கு மேல் இருக்கும். காற்று இறங்கிய நாளில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடற்கரையில் உட்கார வேண்டியிருக்கும். பஹாமாஸில் கப்பல் நிறுவனங்கள் வைத்திருக்கும் தனியார் தீவுகளில், காற்று பலமாக இருந்தால் கப்பல் நிற்காமலே போய்விடும். எங்கள் முதல் பயணத்தில் பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருந்த தீவு அப்படித்தான் கண்ணெதிரே நகர்ந்து போனது. கட்டணத்தில் துறைமுக வரி மட்டும் திரும்பி வந்தது.

வெயில் நிச்சயமாக வேண்டும் என்றால் இன்னும் தெற்கே போங்கள். செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், அரூபா பக்கமெல்லாம் டிசம்பரிலும் நம்ம ஊர் தை மாதம் மாதிரி இதமாக இருக்கும். அதற்கு ஏழு நாள் பயணமாவது எடுக்க வேண்டும்.

நியூஜெர்சியிலேயே கப்பல் ஏறலாமே? ஏன் ஃப்ளோரிடா வரை பறக்க வேண்டும்?

பயோனிலும் புரூக்ளினிலும் ஏறலாம். விமானச் செலவு மிச்சம், வீட்டு வாசலிலிருந்து ஒரு மணி நேரத்தில் கப்பல். அதற்கான விலையைக் கடலில் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் குளிர்தான், மேல்தளத்து நீச்சல் குளத்துப் பக்கம் தலை காட்ட முடியாது. அதோடு வட கரோலினாவின் கேப் ஹேட்டரஸ் முனையைத் தாண்ட வேண்டும். அங்கே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. எதிரே வடக்குக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். பெரிய கப்பலும் ஆடும். வயதானவர்களோடு முதல் முறை போகிறவர்களுக்கு மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வேன். அங்கே கப்பல் கிளம்பிய மறுநாள் காலையே வெயில்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் விமானம் பிடித்தால் போதாதா?

போதாது. முதல் நாளே போய்விடுங்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது, கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். 2022 கிறிஸ்துமஸ் வாரத்துப் பனிப்புயலில் சவுத்வெஸ்ட் நிறுவனம் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது நினைவிருக்கும். எங்களுக்கும் ஒரு வருடம் மாலை விமானம் பனியால் ரத்தானது. மறுநாள் விடிகாலை விமானத்தில் இடம் கிடைத்து, மதியம் ஒன்றரை மணிக்குத் துறைமுக வாசலில் நின்றோம். முதல் நாள் கிளம்பத் திட்டமிட்டதால்தான் அந்த ஒரு ராத்திரி எங்களுக்குக் கையில் இருந்தது. ஹோட்டல் செலவு கூடுதலானாலும் அதைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

விளம்பரத்தில் போடும் விலை ஒருவருக்கானது, ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்ற கணக்கில். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பொதுவாகக் குறைவு. "குழந்தைகளுக்கு இலவசம்" என்று வரும் சலுகை கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. வருடத்திலேயே அதிக விலை இந்த இரண்டு வாரங்களுக்குத்தான்.

கட்டணத்துக்கு மேலே வருவதைத்தான் கவனிக்க வேண்டும். டிப்ஸ் தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆறு பேர் ஏழு நாள் போனால் 756 டாலர். நம்மில் சிலர் கடைசி நாள் கவுண்டருக்குப் போய் அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் அறையைத் தினமும் துடைக்கிற பையன் வீட்டை விட்டு மாதக்கணக்கில் கப்பலிலேயே இருக்கிறான், அவன் சம்பளத்தில் பெரும்பகுதி அதுதான்.

அடுத்து வைஃபை, ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கட்டணம். ஒரே ஒரு போனுக்கு வாங்கி ஊருக்கு வாட்ஸ்அப் பேசினால் போதும். மற்ற போன்களைக் கப்பல் ஏறியதுமே ஏர்பிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் கடல் நெட்வொர்க்கில் மாட்டி அடுத்த மாதம் பில் வரும். தண்ணீர், டீ, காபி இலவசம். கோக் மாதிரிக் குளிர்பானங்களுக்குப் பெரும்பாலான கப்பல்களில் காசு. மதுவுக்கான பேக்கேஜை ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் அதே அறையில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

இதோடு விமானம், ஒரு ராத்திரி ஹோட்டல், காப்பீடு, தீவில் இறங்கிச் சுற்றும் செலவு. ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். என் அனுபவத்தில் கடைசித் தொகை, இணையத்தில் முதலில் பார்த்த தொகையைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறைந்ததில்லை. அந்தத் தொகையை கிரெடிட் கார்டில் தவணையாகக் கட்ட வேண்டி வந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். கப்பல் அடுத்த வருடமும் ஓடும்.

தேதியை மாற்றினால் விலை குறையுமா?

நன்றாகவே குறையும். நன்றி தெரிவிக்கும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) முடிந்து டிசம்பர் நடுப்பகுதி வரையிலும், ஜனவரி முதல் வாரம் தாண்டியும் விலை இறங்கும். பள்ளி போகாத குழந்தை உள்ளவர்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வேறு வழியில்லை, டிசம்பர் வாரம்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? பெரியவர்கள் ஒரு வாரம் எப்படித் தாங்குவார்கள்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கிடைக்கும், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். புக் செய்த உடனேயே சைவம், முட்டை கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது என்று எதுவானாலும் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். கப்பலில் ஏறிய முதல் மாலையே சாப்பாட்டு ஹாலில் தலைமைப் பரிமாறுபவரைப் பார்த்து மறுபடி சொல்லுங்கள். அடுத்த நாள் ராத்திரிக்கு வேண்டியதை முதல் நாள் ராத்திரியே கேட்பார்கள். பெரிய கப்பல்களின் சமையலறையில் இந்தியர்கள் நிறைய இருக்கிறார்கள். பருப்பு, சாதம், ஒரு காய், ரொட்டி என்று தனியாகச் செய்து கொண்டுவந்து வைப்பார்கள். பஃபேயிலும் ஒரு கறி, ஒரு பருப்பு அநேகமாகத் தினம் இருக்கும். ருசி வடக்கத்தியாக இருக்கும். இட்லி தோசையை எதிர்பார்க்காதீர்கள்.

மாமியார் முதல் இரண்டு நாள் ரொட்டியையும் பழத்தையும் தின்று கொண்டிருந்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில் பரிமாறிக்கொண்டிருந்தவர் திருச்சூர்க்காரர், நின்று மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மே, தைரு வேணோ?" என்றார். பத்து நிமிடத்தில் சூப் கிண்ணத்தில் வெள்ளைச் சாதம், ஒரு கோப்பை தயிர், உப்பு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் வந்தன. மாமியார் ஃபோர்க்கை ஓரமாக வைத்துவிட்டு அந்த வெள்ளை மேசைவிரிப்பின் முன்னால் கையால் பிசைந்து சாப்பிட்டார். அதற்கப்புறம் இறங்கும் வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கிண்ணம் கேட்காமலே வந்தது. முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதுவும் கொண்டு போகக்கூடாது, பெட்டியைச் சோதித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் செய்த புளியோதரையையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பொடி, ஊறுகாய், முறுக்கு பாக்கெட் கொண்டு போகலாம். கப்பலிலிருந்து பழமோ சாப்பாடோ எடுத்துக்கொண்டு தீவில் இறங்காதீர்கள், அபராதம் போடுவார்கள்.

கைக்குழந்தையோடு போகலாமா?

பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிரம்பினால்தான் ஏற்றும். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாத நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது. கர்ப்பிணிகள், பயணம் முடிவதற்குள் 24-ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் ஏற முடியாது.

டயப்பர் போடும் குழந்தையைக் கப்பல் நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டாலும்கூட. குழந்தைகள் கிளப் பல கப்பல்களில் மூன்று வயதிலிருந்துதான், அதுவும் டயப்பர் இல்லாமல். ஆக ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகும் அம்மா, வீட்டில் செய்யும் வேலையையே சின்ன அறையில் செய்வாள். இரண்டு வருடம் பொறுங்கள் என்பது என் யோசனை. தாத்தா பாட்டியும் கூட வந்து மாற்றி மாற்றித் தூக்குவார்கள் என்றால் வேறு விஷயம்.

பெரிய பிள்ளைகளுக்குப் போரடிக்காதா?

முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். முதல் நாள் ராத்திரியே டீன் கிளப்பின் அறிமுகக் கூட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள், நண்பர்கள் சேர்வது அன்றைக்குத்தான். அப்புறம் சாப்பாட்டு மேசையில்தான் பார்க்கலாம்.

கடல் மயக்கம் வந்தால்?

கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. இஞ்சி மிட்டாய் எனக்கு உதவியது. மெக்லிசைன் மாத்திரை மருந்துக்கடையிலேயே கிடைக்கும், வாந்தி தொடங்கிய பிறகு போடுவதைவிட முன்னாலேயே போட்டால்தான் பலன். பெரியவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். க்ளாகோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்துகள் ஆகாமல் போகலாம். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் உண்டாக்கும்.

கப்பலில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று செய்தியில் பார்க்கிறோமே?

அது நோரோவைரஸ் என்ற கிருமி. அமெரிக்காவில் அது அதிகம் பரவுவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதாவது நீங்கள் போகும் காலம்தான். பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வந்தால் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி அதை வெளியே அறிவிக்கிறது, அதனால் செய்தி நம் காதுக்கு வருகிறது. பள்ளியிலும் அலுவலகத்திலும் வருவது அப்படி அறிவிக்கப்படுவதில்லை. சானிடைசர் இந்தக் கிருமிக்குச் சரியாக வேலை செய்யாது. பஃபேக்குப் போகும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கையால் சாப்பிடும் நாம் இன்னும் கூடுதலாக.

மருத்துவம், காப்பீடு?

கப்பலில் டாக்டர் இருப்பார், பில் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறும். இங்கே உள்ள உங்கள் மருத்துவக் காப்பீடு கடலில் செல்லாமல் போகலாம், பெற்றோருக்கு எடுத்த விசிட்டர் காப்பீடும் அப்படியே. அதனால் பயணக் காப்பீடு தனியாக எடுங்கள், அதில் ஏற்கெனவே உள்ள நோய்களும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கட்டிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்தால்தான் பழைய நோய்களைச் சேர்க்கும் பாலிசிகள் நிறைய.

இன்னொன்று. மதியம் துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, பாஸ்போர்ட், பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

எந்த மாதிரி அறை?

நான்கு பேர் அறையில் இரண்டு படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணியில் ஏறணும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பெரியவர்களுக்குத் தனி அறை எடுங்கள், முடிந்தால் உள்ளே கதவு உள்ள பக்கத்து அறை. மலிவாகக் கிடைக்கிறது என்று நிறுவனமே அறையை ஒதுக்கும் டிக்கெட் வாங்கினால், தாத்தா பாட்டி கப்பலின் மறுகோடியில் போய்விடலாம். இந்தக் கப்பல்களில் பல முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம், முழங்கால் வலிக்காரர்களால் அதை நாளுக்கு நான்கு தடவை நடக்க முடியாது.

பால்கனி தேவையா என்றால், உங்களுக்கு வேண்டாம், பெரியவர்களுக்கு எடுங்கள். மாமனார் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, மங்கி குல்லா மாட்டிக்கொண்டு, காபியோடு பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். செயின்ட் தாமஸ் வந்த காலையில் இருட்டில் மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தபோது கதவைத் தட்டி எங்கள் எல்லோரையும் எழுப்பினார். ராமேசுவரம் பாலத்துக்கு அப்புறம் கடலை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்றார். அறுபது வருடத்துக்கு முந்தைய கதைகள் அந்தக் காலையில்தான் வெளியே வந்தன, பேரன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பாதுகாப்புதானா?

2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கடற்கரையில் கோஸ்டா கன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ அதை முடித்தாக வேண்டும் என்று விதி மாறியது. போனில் வீடியோ பார்த்து, குறித்த இடத்துக்குப் போய் அறை அட்டையைக் காட்டினால் முடிந்தது. பெரியவர்களையும் கூட்டிப்போய் அந்த இடத்தைக் கண்ணால் காட்டிவிடுங்கள்.

எனக்கு உண்மையான பயம் நீச்சல் குளம்தான். எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர்கள் இல்லை. நெரிசலில் குழந்தை தண்ணீருக்குள் போனால் யாருக்கும் தெரியாது. ஒரு பெரியவர் போனைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தீவில் இறங்கினால் என்ன கவனிக்கணும்?

கப்பலின் நேரமும் தீவின் நேரமும் ஒரு மணி மாறலாம். கப்பல் நேரப்படி ஒரு கைக்கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே திரும்புங்கள். கிராண்ட் கேமன் மாதிரி இடங்களில் கப்பல் கரையை ஒட்டாது, சின்னப் படகில் இறங்கி ஏறணும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது முடியாமல் போகலாம். புக் செய்யும்போதே அது எந்தெந்த ஊர் என்று கேளுங்கள்.

எப்போது முடிவு செய்ய வேண்டும்?

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மார்ச், ஏப்ரலிலேயே புக் செய்வது நல்லது. நால்வர் தங்கும் அறைகள்தான் முதலில் தீரும், உயிர்காப்புப் படகுக் கணக்கை வைத்துக் கூடுதல் ஆட்களுக்கு ஒரு வரம்பு உண்டு. திரும்பக் கிடைக்கும் முன்பணமாகவே கட்டுங்கள். முழுப் பணம் கட்டும் நாள் பல நிறுவனங்களில் கிளம்புவதற்கு 90 நாள் முன்பு, சிலவற்றில் 120 நாள். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் காலண்டரில் ஒரு குறிப்பு போட்டு, அன்றைக்கு எல்லோருடைய பாஸ்போர்ட், விசா, ஐ-94 தேதிகளை மறுபடி பாருங்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு டிக்கெட் உறுதியா, பிபி, சர்க்கரை எப்படி இருக்கிறது என்று போனில் கேளுங்கள். விலை இறங்கியிருந்தால் அதே அறையைப் புது விலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். ஏதாவது ஒன்று இடித்தால் ரத்து செய்துவிட்டு அந்தப் பணத்தை அடுத்த டிசம்பருக்கு எடுத்து வையுங்கள்.